உலகம் அழியும் என்று தேதி குறித்தவர்கள்

1962 பிப்ரவரி 3, சனிக்கிழமை. அன்றிலிருந்து மூன்று நாட்களுக்குள் உலகம் அழிந்துவிடும் என்று நாடு முழுக்கப் பேச்சு. தை அமாவாசையை ஒட்டிச் சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி ஏழும் மகர ராசியில் கூடுகின்றன; கேதுவும் அங்கேதான் இருக்கிறது; எட்டுக் கிரகமும் ஒரே வீட்டில் சேர்ந்தால் பூமி தாங்காது என்றார்கள். வடக்கே ஊர் ஊராக யாகசாலை எழுந்தது. டின் டின்னாக நெய் தீயில் ஊற்றப்பட்டது. ரயில் பயணத்தைத் தள்ளிப்போட்டவர்கள் உண்டு, வீட்டைவிட்டு வெளியே வராதவர்கள் உண்டு. பொதுத்தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த நேரம் அது. பிரதமர் நேரு இதெல்லாம் சிரிக்கத்தக்க விஷயம் என்று சொல்லிவிட்டார். பயந்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மூன்று நாளும் வானத்தில் பார்க்க ஒன்றுமே இல்லை. ஐந்து கிரகங்களும் சூரியனுக்கு அருகில் இருந்ததால் அதன் ஒளியில் மறைந்துபோயின. பிப்ரவரி 5ஆம் தேதி வந்த முழுச் சூரிய கிரகணம்கூட நியூகினியா பக்கம்தான் தெரிந்தது. கடலை அன்றாடம் ஏற்றி இறக்குகிற சந்திரனின் விசையோடு ஒப்பிட்டால், இந்த ஐந்து கிரகங்களும் சேர்ந்து தருவது பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. யாரும் கண்ணால் காணாத ஒன்றுக்காக ஒரு தேசம் மூன்று நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பக்கத்து பர்மாவில் பிரதமர் ஊ நு அரசு முறையிலேயே பரிகாரச் சடங்குகள் செய்தார். ஆடு, மாடு, கோழி, மீன் என்று உயிர்களை விடுதலை செய்து புண்ணியம் தேடினார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 2ஆம் தேதி ஜெனரல் நே வின் ராணுவத்தோடு வந்து ஆட்சியைப் பிடித்து, ஊ நுவைச் சிறையில் அடைத்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் வங்கிகளும் கடைகளும் நாட்டுடைமையாயின. தலைமுறை தலைமுறையாக அங்கே வேர்விட்டிருந்த தமிழ்க் குடும்பங்கள் கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறின. பர்மா அகதிகள் என்று நம் ஊர்களில் குடியேறியவர்களுக்கு உலகம் அழிந்தது உண்மைதான். அதைக் கொண்டுவந்தது மகர ராசி இல்லை, ஓர் அரசாணை.

1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் அதிலிருந்த அத்தனை பேரோடும் அலையில் போனது. அஷ்டகிரகத்துக்கு நடந்த ஆயத்தத்தில் ஒரு துளிகூட அந்த இரவுக்கு நடக்கவில்லை. தேதி குறித்த அழிவு வரவில்லை. வந்த அழிவுக்கு யாரும் தேதி குறிக்கவில்லை. இதை இப்போது ஏன் கிளற வேண்டும்? வானத்தில் ஒரு வெளிச்சச் சரம் போனால் அடுத்த நிமிஷமே செல்போனில் வீடியோ வருகிறது. பறக்கும் தட்டு என்கிறார் ஒருவர். வேதத்தில் சொன்ன கடைசி கால அடையாளம் என்கிறார் இன்னொருவர். கலி முற்றிவிட்டது என்கிறார் மற்றொருவர். மதுரை திருநகர் மூணாவது ஸ்டாப்பில் டீக்கடையில் நிற்பவர் வரை அது வந்து சேர்ந்துவிடுகிறது. 1962இன் அச்சம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

பறக்கும் தட்டு என்ற பேச்சு பிறந்த நாள் 1947 ஜூன் 24. அமெரிக்காவின் ரெய்னியர் மலைக்கு அருகே தன் சிறு விமானத்தில் போய்க்கொண்டிருந்த கென்னத் அர்னால்டு, ஒன்பது பொருள்கள் பளபளத்தபடி பாய்ந்து போனதாகச் சொன்னார். பத்திரிகைகள் அவற்றுக்குத் தட்டு என்று பெயர் வைத்தன. ஹிரோஷிமாவுக்கு இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. மனிதன் உலகத்தைத் தானே அழிக்க முடியும் என்று தெரிந்துவிட்ட காலம். மேலே தெரிந்த வெளிச்சத்தில் சிலர் எதிரி நாட்டின் ஆயுதத்தைப் பார்த்தார்கள். சிலர் தேவதூதனைப் பார்த்தார்கள். உளவியல் அறிஞர் கார்ல் யுங் 1958இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். தட்டு உண்மையா பொய்யா என்பதைவிட, பிளவுண்டு கிடக்கிற உலகத்தில் மனிதர்கள் ஏன் ஒரு வட்டமான ஒளியை வானத்தில் தேடுகிறார்கள் என்பதே அவருடைய கேள்வி. என் பார்வையில் இந்த விஷயத்தில் இதுவரை கேட்கப்பட்ட நல்ல கேள்வி அதுதான்.

அந்தத் தேடல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு சிகாகோவை அடுத்த ஓக் பார்க்கில் 1954இல் நடந்ததைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. டோரத்தி மார்ட்டின் என்ற குடும்பப் பெண்மணி, கிளாரியன் என்ற கிரகத்தவர் தன் கை வழியாக எழுதுவதாக நம்பினார். எழுதியவர்களில் தலைமையானவர் சனந்தா; அவரே முன்பு இயேசுவாக வந்தவர் என்பது மார்ட்டினின் விளக்கம். டிசம்பர் 21 விடிவதற்குள் பெருவெள்ளம் வந்து நிலத்தை மூடும், நம்புகிறவர்களை அதற்கு முந்தைய நள்ளிரவில் பறக்கும் தட்டு வந்து ஏற்றிக்கொள்ளும் என்று செய்தி வந்தது. நோவாவின் பேழைதான், மரத்துக்குப் பதில் உலோகம். சார்லஸ் லாஃப்ஹெட் என்ற மருத்துவர் இதை நம்பிக் கல்லூரி வேலையை இழந்தார். இன்னும் சிலர் வேலையை விட்டார்கள், சொத்தைக் கொடுத்தார்கள்.

அந்த ராத்திரி அவர்கள் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று உத்தரவு. கால்சட்டையின் ஜிப்பைக்கூடக் கத்தரித்து எடுத்தார்கள். மணி பன்னிரண்டு அடித்தது. யாரும் வரவில்லை. சிலர் அழுதார்கள், சிலர் பேச்சற்று உட்கார்ந்திருந்தார்கள். விடியற்காலை நாலே முக்காலுக்குப் புதிய செய்தி வந்தது: இந்தச் சிறு கூட்டம் இரவெல்லாம் பரப்பிய ஒளியைக் கண்டு கடவுள் உலகத்தை அழிக்காமல் விட்டுவிட்டாராம். அதுவரை பத்திரிகைக்காரர்களைக் கிட்டே சேர்க்காதவர்கள் அன்று காலை தாங்களாகவே பத்திரிகைகளுக்கு போன் போட்டுச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்குள் பக்தர்கள்போல் கலந்திருந்த ஆய்வாளர்கள் உண்டு. லியோன் ஃபெஸ்டிங்கர் தலைமையில் அவர்கள் எழுதிய நூல் 1956இல் வந்தது. ஆய்வாளர்கள் உள்ளே இருந்ததே கூட்டத்தின் போக்கை மாற்றியது என்ற விமர்சனம் அந்நூலின் மேல் இருக்கிறது, அது நியாயமானதும்கூட. ஆனாலும் அதன் மையமான கேள்வியைத் தள்ள முடியாது. வேலையையும் வீட்டையும் மானத்தையும் ஒரு தேதியின் மேல் வைத்தவரால், அந்தத் தேதி பொய்த்ததும் ‘நான் ஏமாந்தேன்’ என்று எப்படிச் சொல்ல முடியும்? சொன்னால் இழந்ததெல்லாம் வீணுக்கு இழந்ததாகிவிடும். ஆகவே நம்பிக்கை முறியாமல் வளைகிறது. டோரத்தி மார்ட்டின் பின்னாளில் சகோதரி தெத்ரா என்ற பெயரில், 1992இல் இறக்கும்வரை இப்படிச் செய்திகள் வாங்கிக்கொண்டேதான் இருந்தார்.

இதைப் படித்துவிட்டு அமெரிக்கர்கள் அப்படித்தான் என்று நாம் ஒதுங்க வழியில்லை. லண்டனில் 1955இல் ஏதீரியஸ் சங்கத்தை நிறுவிய ஜார்ஜ் கிங் யோகப் பயிற்சி செய்தவர். அவருடைய வேற்றுக்கிரக குருமார்கள் கர்மவினையைப் பற்றிப் பேசினார்கள். நம் ஊர்ச் சரக்கு அங்கே போய்ப் பறக்கும் தட்டில் ஏறியது. அங்கிருந்து வந்த சரக்கும் இங்கே இறங்கியிருக்கிறது. எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட சக்கரத்துக்குள் சக்கரம் ஒரு விண்கலம்தான் என்று நாசா பொறியாளர் யோசெஃப் புளும்ரிச் 1970களில் நூல் எழுதினார். லூக்கா சுவிசேஷம் சொல்லும் வானத்து அடையாளங்கள் இவையே என்று ஒரு சாரார் பிரசங்கிக்கிறார்கள். இவை கடைசி காலத்தில் ஏமாற்ற வரும் பிசாசுகளின் வேலை என்று அதே வேதத்தை வைத்து இன்னொரு சாரார் எச்சரிக்கிறார்கள். எகிப்திய எழுத்தாளர் முகம்மது ஈசா தாவூத் 1990களில், கடைசி காலத்தில் வருவான் என்று இஸ்லாமிய மரபு சொல்லும் தஜ்ஜாலையும் பெர்முடா முக்கோணத்தையும் பறக்கும் தட்டையும் ஒரே முடிச்சில் போட்டார்.

நம் பக்கம் ‘வைமானிக சாஸ்திரம்’ இருக்கிறது. முனிவர் பரத்வாஜரின் நூல் என்று சொல்லப்படும் இது, உண்மையில் நம் ஓசூர்ப் பக்கம் 1866இல் பிறந்த சுப்பராய சாஸ்திரி என்ற பண்டிதர் 1918 முதல் 1923 வரை சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. 1974இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஐந்து ஆய்வாளர்கள் அதன் வரைபடங்களையும் மொழியையும் சோதித்து, இது 1904க்கு முற்பட்டதாக இருக்க முடியாது, இதில் சொன்ன எதுவும் பறக்காது என்று எழுதிவிட்டார்கள். அரை நூற்றாண்டு ஆயிற்று. இன்றும் புஷ்பக விமானமும் பறக்கும் தட்டும் ஒன்று, கல்கி வருகிற நேரம் இது என்று வீடியோ போடுகிறவர்கள் அந்த நூலின் படங்களைத்தான் காட்டுகிறார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உலகத்துக்கு முடிவு உண்டு என்று நம்புவது ஒருவரின் சமய உரிமை. அதில் எனக்கு வழக்கு இல்லை. என் வழக்கு தேதி குறிப்பவர்களோடு. ஒரு வெளிச்சத்தைக் காட்டி இதுதான் அது என்பவர்களோடு. ஏனென்றால் அவர்கள் விஞ்ஞானத்துக்கு மட்டும் எதிராகப் பேசவில்லை, தாங்கள் கையில் பிடித்திருக்கிற வேதத்துக்கே எதிராகப் பேசுகிறார்கள். அந்த நாளையும் நாழிகையையும் பிதாவைத் தவிர வேறு யாரும், தேவதூதர்களும்கூட, அறியார்கள் என்பது மத்தேயு சுவிசேஷத்தின் போதனை. கியாமத் நாள் எப்போது என்ற அறிவு இறைவனிடம் மட்டுமே உண்டு என்று குர்ஆன் திரும்பத் திரும்பச் சொல்கிறது. நம் பஞ்சாங்கக் கணக்கிலோ கலியுகம் 4,32,000 ஆண்டு, கி.மு. 3102இல் தொடங்கியது, கழிந்தது ஐயாயிரத்துச் சொச்சம். மூன்று மரபும் ‘தேதி உன் கையில் இல்லை’ என்றே சொல்லிவைத்திருக்கின்றன. மொட்டைமாடியில் நின்று எடுத்த முப்பது விநாடி வீடியோவை வைத்து ஒருவர் அந்தத் தேதியை அறிவித்தால், அவரைக் கேள்வி கேட்க நாத்திகர் வர வேண்டியதில்லை. அவருடைய சபையிலேயே, ஜமாத்திலேயே, கோயில் திண்ணையிலேயே கேட்கலாம்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? 1997 மார்ச்சில் கலிபோர்னியாவின் ராஞ்சோ சான்டா ஃபேயில் ஒரே வீட்டில் 39 பேர் தாங்களாகவே உயிரை விட்டார்கள். அப்போது வானத்தில் இருந்த ஹேல்-பாப் வால்நட்சத்திரத்துக்குப் பின்னால் தங்களை ஏற்றிப்போக விண்கலம் வருகிறது என்று அவர்களின் தலைவர் மார்ஷல் ஆப்பிள்வைட் சொல்லியிருந்தார். வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் இரண்டு சாட்சிகளில் ஒருவர் தாம்தான் என்பது அவர் கூற்று. வால்நட்சத்திரத்தை ஒட்டி ஏதோ தெரிகிறது என்று அதற்கு முந்தைய நவம்பரில் ஒருவர் வானொலியில் சொன்னது வெறும் நட்சத்திரம் என்று வானியலாளர்கள் அப்போதே விளக்கியிருந்தார்கள். அந்த விளக்கம் அந்த வீட்டுக்குள் நுழையவில்லை. 2012 டிசம்பரில் நம் பிள்ளைகள்வரை பேசிய மாயன் காலண்டர் பீதியில் வந்த நிபிரு கிரகமும், வேற்றுக்கிரகவாசிகள் தன்னிடம் பேசுவதாகச் சொன்ன அமெரிக்கப் பெண்மணி ஒருவரிடமிருந்து கிளம்பியதுதான். முதலில் அவர் சொன்ன தேதி 2003 மே. அது பொய்த்ததும் மற்றவர்கள் அதைத் தூக்கி 2012இல் வைத்தார்கள். அந்தப் பீதியில் உயிரை விடலாமா என்று கேட்டுச் சிறுவர்கள் எழுதியதாக நாசா விஞ்ஞானி டேவிட் மோரிசன் வேதனையோடு சொன்னார்.

நம் நாட்டில் 1979 ஜூலையில் ஸ்கைலாப் வந்தது. 77 டன் எடையுள்ள அந்த அமெரிக்க விண்ணாய்வுக்கூடம் கட்டுப்பாடில்லாமல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எங்கே விழும் என்று உறுதியாக யாராலும் சொல்ல முடியவில்லை. இது கற்பனை அச்சம் இல்லை, நிஜமான பொருள், நிஜமான சந்தேகம். ஆனால் ஒரு சில இடங்களில் இரும்புத் துண்டுகள் விழலாம் என்ற செய்தி, கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது உலகமே முடியப்போகிறது என்று ஆகியிருந்தது. ஆந்திர, தெலங்கானா கிராமங்களில் ஆடு கோழியை அடித்துத் தின்று தீர்த்தவர்களின் கதைகள் இன்றும் சொல்லப்படுகின்றன; 2021இல் அதை வைத்துத் தெலுங்கில் ஒரு படமே வந்தது. கடைசியில் ஸ்கைலாப் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சிதறியது. ஒருவருக்கும் காயமில்லை. சரியாக ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 11ஆம் தேதி, குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்பி நகரத்தை அடித்துக்கொண்டு போனது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். மேலே பார்த்துப் பயந்தோம், பக்கத்தில் இருந்த அணையைப் பார்க்கவில்லை.

இந்த அச்சம் நம்மிடம் பழையது. எரிமீன் விழுந்ததைக் கண்டு, ஏழாம் நாள் தன் அரசனுக்கு என்ன ஆகுமோ என்று நடுங்கிய கூடலூர் கிழாரின் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறை அந்த ஏழாம் நாள் இறந்தும் போனான். நெஞ்சை உருக்கும் பாட்டு. அதில் இருப்பது நண்பனை இழந்தவனின் துக்கம். அதற்கு எதிர்ப்பக்கத்தில் பாரதி நிற்கிறார். 1910இல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது பூமி அதன் வாலுக்குள் நுழையும், விஷவாயுவில் எல்லோரும் சாவோம் என்று உலகமெங்கும் பீதி. அமெரிக்காவில் அதற்கு மாத்திரை விற்றார்கள். பாரதி ‘சாதாரண வருஷத்துத் தூமகேது’ எழுதினார். உன் இயல்பை அந்நியர் சொல்லக் கேட்டுத்தான் நாங்கள் அறிகிறோம் என்று வருந்தி, உன் வரவால் நன்மை விளையும் என்கிறார்களே அது பொய்யா மெய்யா என்று அந்தத் தூமகேதுவிடமே கேட்டார். பயப்படுவதற்குப் பதிலாகக் கேட்டார். அதே ஆண்டில் நம் கொடைக்கானல் ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் அந்த வால்நட்சத்திரத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். மதுரையிலிருந்து மலையேறினால் சில மணி நேரம்.

சரி, திருநகர் மாடியில் நிற்பவருக்கு என்னதான் தெரியும்? தெற்கே மதுரை விமான நிலையம். நம்மை நோக்கித் திரும்பி வரும் விமானத்தின் முகப்பு விளக்கு சில நிமிடம் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும். திரும்பியதும் சட்டென்று மறையும். அந்தி கழிந்து மேற்கே நாகமலைப் பக்கம் கொழுந்துவிட்டு எரிவது வெள்ளி. மறுநாளும் அதே நேரம் அதே திசையில் நின்றால் சந்தேகமே வேண்டாம். கண் சிமிட்டாமல் நாலைந்து நிமிடத்தில் வானத்தைக் கடப்பது பன்னாட்டு விண்வெளி நிலையம். பூமிக்கு நானூறு கிலோமீட்டர் மேலே தொண்ணூறு நிமிடத்துக்கு ஒரு சுற்று. சரம் தொடுத்த மல்லிகைபோல வரிசையாகப் போவது ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். ஏவிய சில நாட்களுக்கு அப்படித் தெரியும், பிறகு பிரிந்துவிடும். 2021 டிசம்பரில் பஞ்சாபிலும் ஜம்முவிலும் மக்கள் திகைத்துப் பார்த்தது அதைத்தான்.

ஏமாந்தவர்களை ஏளனம் செய்யாதீர்கள். லடாக்கில் 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை நம் ராணுவ வீரர்கள் 329 முறை மர்ம ஒளிகளைக் கண்டு பதிவு செய்தார்கள். சீன உளவு விமானம் என்று சந்தேகித்தார்கள். இந்திய வானியற்பியல் கழகத்தார் ஆராய்ந்து, அவை வியாழனும் வெள்ளியும் என்றார்கள். எல்லையைக் காப்பதற்கென்றே பயிற்சி பெற்ற கண்களுக்கு அது நேர்ந்தது. அவர்கள் செய்த ஒரு நல்ல காரியம், தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டது.

இனி நமக்கு இது கூடப்போகிறது. 2024 பிப்ரவரி 28இல் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து தெற்கு நோக்கிச் சிறு ராக்கெட்டுகள் கிளம்பும். அந்தியிலோ விடியலிலோ கிளம்பினால், தரை இருட்டாகவும் உயரம் வெளிச்சமாகவும் இருக்கிற அந்த நேரத்தில், ராக்கெட்டின் புகை வெயில் பட்டு விரிந்து ஒளிரும். தென்மாவட்டம் முழுக்கத் தலையுயர்த்திப் பார்க்கும். 1963 நவம்பர் 21 அந்தியில் தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் வானத்தில் சோடியம் ஆவியைக் கக்கியபோது கேரளத்தின் தென்கோடி அப்படித்தான் பார்த்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேகம் தலைக்கு மேல் நின்றது.

ஆகவே இஸ்ரோவுக்கும் மாவட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஏவும் நாளையும் நேரத்தையும் எந்தத் திசையில் எப்படித் தெரியும் என்பதையும் தமிழில், முந்தைய நாளே, பள்ளிக்கூடம் முதல் பஞ்சாயத்து அலுவலகம் வரை சொல்லிவிடுங்கள். போதகர்களுக்கும் ஆலிம்களுக்கும் அர்ச்சகர்களுக்கும் இன்னொன்று: உங்களை நம்பி வருகிறவர்களிடம் உங்கள் வேதம் தேதி குறிக்க இடம் தரவில்லை என்பதை ஒரு முறையாவது வெளிப்படையாகச் சொல்லுங்கள், உங்கள் வாயால் சொன்னால்தான் அது எடுபடும். வாசகர்களுக்கு ஒன்றுதான். அடுத்த முறை அப்படி ஒரு வீடியோ வந்தால், மற்றவருக்கு அனுப்புவதற்கு முன்னால் அது எந்த ஊரில், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் எடுக்கப்பட்டது என்று அனுப்பியவரிடம் கேளுங்கள். நாலுக்கும் பதில் வராவிட்டால் அனுப்பாதீர்கள்.